பன்றிக் காசு

சித்தூர்
9 ஜூன் 2024

அன்புள்ள சுந்தரிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் நீ வருத்தப்படுவாய். சுகமில்லை என்று எழுதினால் சந்தோஷப்படுவாய். எப்படி எழுதினாலும் நஷ்டம் எனக்குத்தான் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

என் நம்பரை நீ தடுத்துவைத்து நாற்பது நாள் ஆகிறது. "போன்ல பேசினா சிரிக்க வெச்சிடுவாரு, எழுதினா படிக்கிறேன்" என்று உன் தங்கையிடம் சொல்லி அனுப்பினாய். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கை இது. டிக்கெட்டைவிடப் பெரிய காகிதத்தைப் பார்த்தால் நடுங்குகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

ஏப்ரல் முப்பது, டெப்போவில் எனக்கு வழியனுப்பு விழா. முட்டி தேய்ந்து விருப்ப ஓய்வு வாங்கியவனுக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், பேச ஐந்து நிமிஷம். நான் நாற்பது நிமிஷம் பேசினேன். இருநூறு பேர் சிரித்தார்கள். டிரைவர் மோகன்ராஜ் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். முன்வரிசையில் நீயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய், மேடையிலிருந்து பார்த்தேன். மறுநாள் மே தினம். ஊரில் உழைப்பாளிகள் எல்லாம் கொடி பிடித்துப் போக, நீ ஒரு பையோடு திருப்பதி பஸ் ஏறிப் பெண்டாட்டி வேலையை ராஜினாமா செய்துவிட்டாய். ஒரு ஜோக்குக்காக.

எதிர்வீட்டுப் பிரேமலதா தினமும் கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் வந்து விசாரிக்கிறாள்.

"அண்ணி எங்க அண்ணா, ஆளையே காணோம்?"

"திருமலைக்கு சேவை செய்யப் போயிருக்கா."

"நாப்பது நாளாவா?"

"பெருமாளுக்கு அவ்ளோ வேலை."

நம்பவில்லை. ஆனால் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டாள்.

பொழுது போக வேண்டுமே என்று காசு டப்பாக்களை இறக்கியிருக்கிறேன். கண்டக்டர் பையில் விழுந்த பழைய காசுகளுக்கெல்லாம் என் கைக்காசைப் போட்டு மாற்றி எடுத்துவந்து சேர்த்தவை. நீ "துருப்பிடிச்ச சொத்து" என்பாயே, அவைதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் கிரண்குமாருக்கு இதில் ஞானம் அதிகம். என் வயதில் பாதி. ஞாயிறு தோறும் தேய்ந்த காசுக்குத் தரம் போடக் கற்றுத் தருகிறான்.

முதல் நாளே மானம் போனது. மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு டஜன் காசைப் புளி போட்டுத் தேய்த்து, விபூதி போட்டுத் துடைத்து, பளபளவென்று கொண்டுபோனேன். பையன் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஐயோ, சம்பேசாரு சார்!" கொன்றுவிட்டேனாம். அழுக்கோடு இருந்தால்தான் மதிப்பாம். இத்தனை வருஷம் என்னைக் குளிக்கச் சொல்லி நீ செய்த கொடுமை இப்போதுதான் புரிகிறது.

தரத்தின் பெயர்களைக் கேள். குட் என்றால் நல்லது என்றுதானே நினைப்போம்? இல்லை. ராஜா முகம் மழுங்கிப்போய், தேதி மட்டும் தட்டுத்தடுமாறித் தெரிந்தால் அது குட். காது நிழல்போலத் தெரிந்தால் வெரி குட். மீசை தெரிந்தால் ஃபைன். மீசையில் மயிர் தனித்தனியாகத் தெரிந்தால் வெரி ஃபைன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். காது இருக்கிறது. நான் வெரி குட்.

வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

உன்
எத்திராஜ்


திருப்பதி
21 ஜூன் 2024

மாமாவுக்கு, சுந்தரி எழுதிக்கொள்வது.

உப்பு, அடுப்புக்கு வலது பக்கம், மூடி உடைந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

நான் அலிபிரி பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையலுக்கு இருக்கிறேன். நாற்பது பிள்ளைகள். "அக்கா, இன்னைக்கும் உப்மாவா?" என்று அழுதுகொண்டே இரண்டு தட்டு தின்பார்கள். தங்க இடம் தந்திருக்கிறார்கள். குறை இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு இடத்தில் சிரித்துவிட்டேன். அதனால்தான் பதில் எழுதப் பத்து நாள் ஆயிற்று.

ஒரு ஜோக்குக்காகப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜோக்கை நான் இங்கே எழுதுகிறேன். காகிதத்தில் எப்படி இருக்கிறது பாருங்கள்.

நம் கோபிக்கு அப்போது மூன்று வயது. 2001 ஆகஸ்டு, திங்கட்கிழமை காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று நான் வீட்டுக்கு ஓடிவந்து, எங்கம்மா எனக்குக் கல்யாணத்தில் கொடுத்த வெள்ளி ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, பிள்ளை பிழைத்தால் உன் உண்டியலில் போடுகிறேன் என்று காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு முடுப்பு கட்டிச் சாமி படத்தடியில் வைத்தேன். வியாழக்கிழமை பிள்ளை போய்விட்டான். சாமி கடன் நிற்கக்கூடாது என்று ஒரு மாதம் கழித்து அந்த முடுப்பை நான் தனியாகக் கொண்டுபோய் உண்டியலில் போட்டேன்.

இருபத்துமூன்று வருஷம் கழித்து நீங்கள் மேடையில் மைக் பிடித்துச் சொன்னது: "அது 1911 ரூபாய்யா! அந்தக் காசுல ராஜா அங்கியில இருக்கிற யானை பாக்கறதுக்குப் பன்னி மாதிரி இருக்கும். பன்னிக் காசைப் போயி பிள்ளையாருக்குப் போடலாமா? சாமி குத்தம் ஆயிடாது? அதான் அவளுக்குத் தெரியாம முடுப்பை அவுத்து, வேற காசு வெச்சுக் கட்டிட்டேன். சாமிக்கே சில்லறை மாத்திக் குடுத்த கண்டக்டர் நான் ஒருத்தன்தான்!"

சிரித்துப் பழகிய வாய். நானும் பாதி வரை சிரித்தேன்.

காசு மாறியதால் பிள்ளையார் பிள்ளையைக் கொண்டுபோனார் என்று நினைக்கும் அளவுக்கு நான் மடச்சி இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடுப்பை என்றைக்கு அவிழ்த்தீர்கள்? தேதி போதும்.

சுந்தரி


சித்தூர்
1 ஜூலை 2024

அன்புள்ள சுந்தரிக்கு,

உப்பு கிடைத்தது. அது உப்பு இல்லை, சோடா மாவு. சாம்பார் நுரைத்துக்கொண்டு எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னது.

கிரண்குமாரிடம் பாடம் தொடர்கிறது. காசை நடுவில் தொடக்கூடாது, விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் மெல்லச் சாய்க்க வேண்டும். மேடான இடம்தான் முதலில் தேயும். ராஜாவுக்குக் காது, புருவம், மீசை. நமக்கு முட்டி.

போன வாரம் நடந்த பாடம் கொஞ்சம் பெரியது. தேய்மானம் வேறு, சேதம் வேறு. நூறு கை மாறி, முந்தானையில் முடியப்பட்டு, கல்லாவில் விழுந்து தேய்ந்தால் அது தேய்மானம். அதற்குத் தரம் உண்டு. யாரோ ஒருவர் ஓட்டை போட்டாலோ, சுரண்டினாலோ, பற்றவைத்தாலோ அது சேதம். அதற்குத் தரமே போடமாட்டார்கள், முகம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி.

இதைக் கேட்டபின் அந்த 1911-ஐ எடுத்துப் போனேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை வருஷமாக அது ஒரு புதையல் என்று நினைத்து, மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துப் பூட்டி வைத்திருந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த யானையைப் பன்றி என்று ஜனங்கள் கூச்சல் போட்டு, அரசாங்கமே பயந்து அந்தக் காசைத் திரும்ப வாங்கி உருக்கியதாம். மிச்சம் கிடைப்பது அபூர்வம் என்று ஒரு வாரப் பத்திரிகையில் எப்போதோ படித்தேன். அதில் ஏறியது பைத்தியம்.

பையன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படி நின்றதில்லை, ரிசல்ட் முன்பே தெரியும்.

"சார், யானையும் இல்லே, பன்னியும் இல்லே. மொத்தம் அரிகிபோயிந்தி." எல்லாம் தேய்ந்துபோய்விட்டதாம். "காது இருக்கு. வெரி குட். ஆனா இங்க பாருங்க, மேல ஓரத்துல பத்தவெச்ச தழும்பு. கொக்கி இருந்திருக்கு, யாரோ வெட்டி ராவியிருக்காங்கோ. டேமேஜ் சார். வெள்ளி ரேட்டுதான் வரும்."

பன்றியும் போய், புதையலும் போய், பாதாம் பால் குடித்துவிட்டு வந்தேன்.

தேதி கேட்டிருந்தாய். காசில் இருக்கும் தேதி 1911. மற்றத் தேதியெல்லாம் எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது? நம் கல்யாண தேதியையே வருஷா வருஷம் நீதானே ஞாபகப்படுத்துவாய்.

உன்
எத்திராஜ்


திருப்பதி
12 ஜூலை 2024

மாமாவுக்கு,

சேதம் என்று உங்கள் கிரண்குமார் சொன்னது எங்கம்மா கழுத்துக் கொக்கி. வடமாலபேட்டையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள் அவள். கறுப்புக் கயிற்றில் அந்த ஒரு ரூபாய்தான் அவளுக்கு நகை. குனிந்து குனிந்து வேலை செய்ததில் அவள் மாரில் உரசித் தேய்ந்தது. என் கல்யாணத்துக்கு முதல் நாள் தட்டானிடம் போய்க் கொக்கியை வெட்டி, "கயித்தோட குடுத்தா உன் புருஷன் வூட்டுல சிரிப்பாங்கடி" என்று காசை மட்டும் கொடுத்தாள். அவள் பயந்தது சரிதான், இடம்தான் தப்பு. டெப்போவில் சிரித்தார்கள்.

தேதி ஞாபகமில்லை என்கிறீர்கள். 2003-இல் புத்தூர் பஸ்ஸில் ஒரு கிழவி கொடுத்த இரண்டணா எந்த நிறுத்தத்தில் விழுந்தது என்பது வரை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

ஏன் கேட்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மேடையில் நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். "அதே சைஸ்ல வேற வெள்ளி ரூபாய் வேணுமே! சைக்கிளை எடுத்துக்கினு மூணு மணி நேரம் சுத்தினேன், சித்தூர்ல ஒரு வெள்ளிக்கடை பாக்கி வெக்கல." அங்கேதான் என் சிரிப்பு நின்றது. என் ஆயுசில் மூன்று மணி நேரம் என்று ஒன்றுதான் இருக்கிறது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பிளாஸ்க்கும் போர்வையும் எடுத்துவர உங்களை வீட்டுக்கு அனுப்பினேன். அரை மணி வேலை. நீங்கள் இரண்டேகாலுக்கு வந்தீர்கள். சைக்கிள் பஞ்சர் என்றீர்கள். பிள்ளை இரண்டு மணிக்குப் போய்விட்டான்.

ஜோக் வேண்டாம். என்றைக்கு?

சுந்தரி


சித்தூர்
20 ஜூலை 2024

அன்புள்ள சுந்தரிக்கு,

நீ இப்படி நாள் நட்சத்திரம் பார்த்து விசாரிப்பாய் என்று தெரிந்திருந்தால் செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலைக்கு உன்னை அனுப்பிவிட்டு நான் வீட்டில் சமைத்திருப்பேன். டெப்போ உருப்பட்டிருக்கும்.

சரி, கேள். எல்லாம் முடிந்த பிறகுதான். பதினாறாம் நாள் காரியம் ஆகி இரண்டு நாள் இருக்கும். படத்தடியில் அந்த முடுப்பு சும்மா கிடந்தது. பிள்ளையே இல்லை, இனி எதற்கு என்று மனம் வெறுத்துப்போய் அவிழ்த்தேன். பார்த்தால் 1911. புத்தி கெட்டுவிட்டது. சாமிக்கும் குறை வைக்கவில்லை, வெள்ளிக்கு வெள்ளி, தோலாவுக்குத் தோலா, ஒரு குன்றிமணி எடை குறையாமல் வேறு ரூபாய் வைத்துத்தான் கட்டினேன். மூணு மணி நேரம் என்பது மேடைக்குச் சொன்னது. மேடையில் ஒரு மணி நேரம் என்றால் எவன் சிரிப்பான்? பஞ்சர் பஞ்சர்தான். அந்த டயரின் யோக்கியதை உனக்கே தெரியும்.

போதுமா? வீட்டுக்கு வா. பிரேமலதாவுக்குச் சொல்ல என்னிடம் சேவைகள் தீர்ந்துவிட்டன. அங்கப்பிரதட்சிணம் வரைக்கும் வந்தாயிற்று.

உன்
எத்திராஜ்


திருப்பதி
27 ஜூலை 2024

மாமாவுக்கு,

அப்படியென்றால் சிரமமே இல்லை. இதே வார்த்தையைக் காணிப்பாக்கத்தில் சொல்லிவிடுங்கள். ஆடு மாடு திருட்டுக்கும், வரப்புத் தகராறுக்கும் ஜனங்கள் அங்கே வந்து குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் எதிரில் சத்தியம் பண்ணுகிறார்கள். நமக்கு இது போதாதா?

ஆகஸ்டு நாலு, ஞாயிறு, காலை பத்து மணி. குளத்துப் படியில் நிற்பேன். நீங்கள் சொல்லிவிட்டால் நான் நேராக உங்களோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். பையை எடுத்துக்கொண்டே வருகிறேன்.

சுந்தரி


சித்தூர்
5 ஆகஸ்டு 2024

சுந்தரி,

நேற்று வந்தேன். ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டேன். மாற்றுவேட்டிகூடக் கொண்டுவந்தேன். நீ நீலச் சேலையில் பையோடு மூன்றாவது படியில் நின்றிருந்தாய். நான் தேங்காய்க் கடைக்குப் பின்னால் நின்றேன். கடைக்காரி, "இன்னா பெரியவரே, ஒளிஞ்சிக்கினு நிக்கிற? கடன் குடுத்தவன் வந்துட்டானா?" என்றாள். நீ பன்னிரண்டரைக்குப் பஸ் ஏறும் வரை அங்கேயே நின்றேன்.

பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளையார் தண்டிப்பார் என்ற பயமில்லை. நான் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாயே, அதற்குத்தான். எழுதுகிறேன்.

9 ஆகஸ்டு 2001, வியாழக்கிழமை. அன்று காலையில் டாக்டர் ஜுரம் இறங்கியிருக்கிறது என்றார். கோபி ஒரு பன் தின்றான். "நாளைக்கே போயி முடுப்பை செலுத்திட்டு வந்துடறேன்" என்று நீ சொன்னாய். பிழைத்துவிட்டான் என்றுதான் நானும் வீட்டுக்குப் போனேன். பிளாஸ்க்கை எடுத்தேன். போர்வையை எடுத்தேன். சாமி படத்தைக் கும்பிடப் போனவன், முடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். எந்த வருஷத்துக் காசு என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டிவிடலாம் என்று அவிழ்த்தேன். 1911. நாளைக்கு உண்டியலுக்குள் போய்விடும். இன்றைக்கு விட்டால் கிடையாது.

முதல் கடையில் வெள்ளி ரூபாய் இல்லை. இரண்டாவது கடையில் சின்னதாக இருந்தது, தொட்டால் உனக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது கடைக்காரன் சாப்பிடப் போயிருந்தான், காத்திருந்தேன். அங்கே ஒரு 1918 கிடைத்தது. வீட்டுக்குப் போய் நீ போட்ட மாதிரியே மூன்று முடிச்சு போட்டேன்.

பஞ்சர் ஆகவில்லை. ஆஸ்பத்திரிச் சந்தில் இறங்கி, இவ்வளவு நேரத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்து, நானே உட்கார்ந்து காற்றைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிவிட்டு எழுந்து உள்ளே வந்தேன். நீ வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாய்.

அதற்குப் பின் இதை யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே வைத்துக்கொண்டிருக்க முடியாமல், ஜோக்காக்கி வெளியே விட்டால் போய்விடும் என்று நினைத்தேன். இருநூறு பேர் சிரித்ததும் போய்விட்டது போலவே இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

அந்தக் காசு என் சட்டைப் பையில் இருக்கிறது. நீ வா. இரண்டு பேருமாகப் போய் உண்டியலில் போட்டுவிடுவோம். அல்லது உன்னிடம் தருகிறேன், உங்கம்மா காசு.

எத்திராஜ்


திருப்பதி
13 ஆகஸ்டு 2024

மாமாவுக்கு,

தேங்காய்க் கடைக்குப் பின்னால் நீங்கள் நின்றது எனக்குத் தெரியும். உங்கள் செருப்பு தெரிந்தது. வந்து சொல்வீர்களா என்றுதான் பன்னிரண்டரை வரை நின்றேன். பொய்யைச் சொல்லியிருந்தாலும் வாக்குக் கொடுத்தபடி உங்களோடு வந்திருப்பேன்.

உங்கள் கடிதத்தில் காற்றைப் பிடுங்கியது ஒன்றுதான் எனக்குப் புதிது. அன்றைக்கு அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நீங்கள் பிள்ளைக்குப் பின்னால் நடந்து வந்ததைப் பார்த்து, பாவம் இந்த மனுஷன், டயர் கூடச் சதி செய்துவிட்டதே என்று உங்களுக்காகவும் சேர்த்து அழுதேன். அந்த அழுகையைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

காசு வேண்டாம். உண்டியலில் நான் போட்டது நல்ல மனசோடு போட்டது. பிள்ளையாருக்கும் எனக்கும் பாக்கி இல்லை. உங்களிடம் இருப்பதை விற்றாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி. என்னுடைய ரேஷன் கார்டையும் ஆதாரையும் தங்கை வந்து வாங்கிக்கொள்வாள், அவளைச் சிரிக்க வைக்காமல் கொடுத்து அனுப்புங்கள். இனி எழுத வேண்டாம். கவர் வந்தால் திருப்பிவிடும்படி ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் நான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். தாங்கமாட்டீர்கள் என்று வைத்திருந்தேன். இப்போது சொல்லலாம் என்று படுகிறது.

கோபி கண்மூடிக் கிடந்து போனான் என்று உங்களிடம் சொன்னேன். இல்லை. ஒன்றரை மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தான். "நைனா எங்க?" என்றான். "பஸ்ல வந்துகினு இருக்காருடா" என்றேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே மெயின் ரோடு. மூன்று வயதுப் பிள்ளைக்கு எல்லா பஸ்ஸும் அப்பா பஸ்தான். ஹார்ன் கேட்கும்போதெல்லாம், "நைனா வந்துட்டாரு" என்று வாசலைப் பார்த்தான்.

சுந்தரி